வாசகர் கேள்வி பதில்: எல்லா ஹீரோவும் ஏன் ஒருமுறை செத்துப் பிழைக்கிறான்?

மங்கா (ஜப்பானியப் படக்கதை), வெப்டூன் (கொரியாவில் பிறந்த, திரையில் உருட்டிப் படிக்கும் படக்கதை) பற்றி மனதில் இருப்பதை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்ததில் பாதி கேள்வியே இல்லை, சண்டை. அதுவும் நல்லதுதான். ஒரே விஷயத்தைப் பலர் எழுதியிருந்தால் அதில் கோபம் அதிகமாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டேன். சில தொடர்களின் முடிவு பற்றிப் பேச்சு வருகிறது, ஆனால் முடிவில் என்ன நடந்தது என்று எங்கேயும் சொல்லவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

எந்த வெப்டூனைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் ஹீரோ துரோகத்தால் சாகிறான். இரண்டாவதில் பத்து வருஷம் பின்னால் போய்க் கண் விழிக்கிறான். மூன்றாவதில் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற நீலப் பெட்டி ஒன்று வந்து லெவல் சொல்கிறது. இவர்களுக்கு வேறு கதையே தெரியாதா?
– கல்லூரி மாணவர்

தெரியும். வேறு கதை எழுதினால் நீங்கள் மூன்றாவது அத்தியாயம் வரைக்கும் இருப்பீர்களா என்பதுதான் அவர்களுடைய கவலை.

இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவை வெப்டூனாகப் பிறந்தவை அல்ல. முதலில் இணைய நாவலாக வந்து, அங்கே ஜெயித்த பிறகு படமாக வரையப்பட்டவை. சோலோ லெவலிங் அப்படித்தான் வந்தது: 2016-ல் நாவல், 2018-ல் வெப்டூன், 2024-ல் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்). இணைய நாவல் தளங்களில் தினமும் புதுக்கதைகள் வந்து குவிகின்றன, அந்தக் குவியலில் ஒருவர் உங்கள் கதையைத் திறந்து பார்ப்பதே அதிர்ஷ்டம், திறந்தவர் சில நிமிடத்தில் மூடிவிடாமல் இருக்க வேண்டும் என்றால் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட வேண்டும். செத்துத் திரும்பி வந்தவன் என்றால் அவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், யார் எதிரி, எதிரியின் பலவீனம் எது எல்லாம் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ‘இவன் இனிமேல் ஏமாற மாட்டான்’ என்ற உத்தரவாதம் கிடைத்துவிடுகிறது. வாசகர் காசு கொடுப்பது அந்த உத்தரவாதத்துக்குத்தான். இஸெகாய் என்ற ஜப்பானிய வேற்றுலகக் கதைகளில் லாரி அடித்துச் செத்து வேறு உலகத்தில் பிறப்பதும் இதே குறுக்குவழிதான், லாரி மட்டும் கூடுதல் செலவு.

ஆனால் உங்கள் சலிப்புக்குக் காரணம் இந்த உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்காலம் தெரிந்த ஒருவனைக் கதையில் வைத்ததும், சோம்பேறி எழுத்தாளர் மற்ற எல்லோரையும் முட்டாளாக்கிவிடுகிறார். ஹீரோ எங்கே போனாலும் புதையல் இருக்கிறது, யாரிடம் பேசினாலும் அவர் வாயைப் பிளக்கிறார். அலுப்பது அங்கேதான். இதே உத்தியை வைத்துக்கொண்டு ஆம்னிஷியன்ட் ரீடர்ஸ் வியூபாயிண்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். 3,149 அத்தியாயம் ஓடிய ஒரு நாவலைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் அதன் நாயகன், திடீரென்று உலகமே அந்த நாவலாக மாறிவிடுகிறது. அவனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அது ஒரு வாசகனுக்குத் தெரிந்த அளவுதான். பக்கத்தில் நிற்கிறவன் ரத்தமும் சதையுமான மனிதனாக இருக்கிறான், இவனோ அவனை இன்னும் கதாபாத்திரமாகவே பார்க்கிறான். தவிர, இவன் தலையிட்டு ஒன்றை மாற்றினால் அடுத்து நடப்பது புத்தகத்தில் இருந்தபடி நடப்பதில்லை. தெரிந்திருப்பதற்கு ஒரு விலை வைத்தார்கள், கதை பிழைத்துவிட்டது.

மங்காவா, வெப்டூனா? ஒரே வரியில் பதில் வேண்டும். மழுப்பக் கூடாது.
– ‘கறுப்பு வெள்ளைக் கட்சி’ என்று கையெழுத்திட்டவர்

மங்கா. மழுப்பவில்லை, ஆனால் ஒரே வரியில் நிறுத்தவும் முடியாது.

மங்காவின் பலம் பக்கம். வலமிருந்து இடமாகப் படிக்கிறோம், ஆகவே இடது பக்கத்தின் கீழ் மூலையில் இருக்கும் கடைசிக் கட்டம்தான் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கண் நிற்கும் இடம். தேர்ந்த ஓவியர் அங்கே ஒரு சின்னக் கட்டத்தை வைப்பார். கதவின் கைப்பிடி, யாரோ ஒருவர் திரும்பிப் பார்க்கும் கண், ‘ஆ’ என்ற ஒரு சொல். புரட்டினால் இரண்டு பக்கத்துக்கும் விரிந்த ஒரே படம். அந்தத் திடுக்கிடல் கட்டத்தின் அளவு மாறுவதிலிருந்து வருகிறது. அப்புறம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், படிப்பதற்கு முன்பே அந்த அத்தியாயத்தின் மூச்சு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டங்கள் நெருக்கமாக இருந்தால் பரபரப்பு, ஒரு மூலை முழுக்க வெறும் ஆகாயமாக இருந்தால் ஆசுவாசம்.

வெப்டூனில் பக்கமே கிடையாது. அதை ஒரு குறையாகப் பார்க்கிறவர்கள்தான் மோசமான வெப்டூன் செய்கிறார்கள், மங்காப் பக்கத்தை வெட்டி ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். நல்லவர்கள் இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை வைத்துக் காலத்தை அளக்கிறார்கள். ஒருத்தி ‘என்னை மறந்துவிட்டாயா?’ என்று கேட்கிறாள், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது, வெள்ளை மெல்லச் சாம்பலாகிறது, அதற்கும் கீழே பதில். அந்த மௌனத்தை வாசகர் தன் விரலால் நகர்த்துகிறார். அச்சுப் பக்கத்தில் இதைச் செய்ய முடியாது. உயரத்திலிருந்து விழுகிற காட்சியும் அப்படித்தான், திரை முழுக்க ஆழம். 2003 வாக்கில் கொரியாவில் காங் ஃபுல் போன்றவர்கள் செங்குத்தாக உருட்டிப் படிக்கும் நீளமான காதல் கதைகளை இணையத்தில் வரைய ஆரம்பித்தபோதே இந்தச் சாத்தியம் தெரிந்துவிட்டது.

பிறகு ஏன் மங்கா என்றேன்? சண்டைக் காட்சியால். நாலு பேர் நாலு திசையில் நின்று மோதும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு குறுகிய செங்குத்துப் பட்டையில் காட்டுவது மகா கஷ்டம். பெரும்பாலான வெப்டூன்கள் முயற்சியே செய்வதில்லை. ஒரு முகம், ஒரு வெளிச்சக் கீற்று, இன்னொரு முகம், கீழே சிதறிக் கிடக்கும் கற்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஷோனென் மங்கா (பையன்களுக்கான மங்கா) என்றால் போட்டி ஒன்று வந்தே தீர வேண்டுமா? உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் திடீரென்று வரிசையில் நின்று பெயர் கொடுத்து அரையிறுதி, இறுதி என்று போய்விடுகிறார்களே!
– ஒரு பள்ளி ஆசிரியர்

இதற்கு நீங்கள் தபால் அட்டையைத்தான் கேட்க வேண்டும், சார். ஷூயெய்ஷா நிறுவனம் 1968-ல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழில் நெடுங்காலமாக ஒரு வாசகர் அட்டை இருக்கிறது. இந்த இதழில் பிடித்த தொடர்கள் எவை என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஓட்டில் தொடர்ந்து பின்தங்கும் தொடர் சில மாதங்களில் மூட்டை கட்டிவிடும். புதுத் தொடர் ஒன்று இருபது அத்தியாயத்துக்குள் ‘எங்கள் போர் இனிதான் ஆரம்பம்!’ என்று கத்தியபடி முடிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அது தத்துவ முடிவு அல்ல, ரத்து.

இந்த வாராந்திரத் தேர்வில் போட்டி என்பது அருமையான ஏற்பாடு. ஒவ்வொரு வாரமும் யாரோ ஜெயிக்கிறார், யாரோ தோற்கிறார். போன வாரம் படிக்காதவருக்கும் புரிந்துவிடும். ஒரே மூச்சில் பத்துப் புதுப் பாத்திரங்களை அறிமுகம் செய்து, யாருக்கு ரசிகர்கள் சேருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். 1984-ல் ஆரம்பித்த டிராகன் பால் முதலில் சிரிப்பும் பயணமுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வரவேற்பு மந்தமானதும் சண்டைப் போட்டியின் பக்கம் திரும்பியது, அப்புறம் அதன் வெற்றி உங்களுக்கே தெரியும். பின்னால் வந்தவர்கள் அந்தத் திருப்பத்தைப் பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் போட்டிகள் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்கிறவனின் வீட்டுக் கதையை இரண்டு பக்கத்தில் சொல்லி, ஹீரோ ஜெயித்தும் நம்மைச் சந்தோஷப்பட விடாமல் செய்கிற போட்டி ஒன்று எங்காவது வந்துவிடும். அதற்காக மற்ற எட்டையும் சகித்துக்கொள்ளலாம்.

நான் படிப்பதெல்லாம் ஸ்கேன்லேஷன்தான் (அனுமதியில்லாத ரசிகர் மொழிபெயர்ப்பு). எனக்குப் பிடித்த தொடர் அதிகாரபூர்வமாக எனக்குப் புரியும் மொழியில் எங்கேயும் வரவில்லை. ரசிகர்கள் இலவசமாக மொழிபெயர்த்துத் தருகிறார்கள். இதில் யாருக்கு நஷ்டம்? சும்மா குற்றவுணர்ச்சி ஊட்டாமல் பதில் சொல்லுங்கள் அண்ணே.
– பெயர் வேண்டாம் என்றவர்

ஊட்டவில்லை தம்பி. ஆனால் நீங்கள் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

முதலில் அந்த ரசிகர்கள். ஒரு ஸ்கேன்லேஷன் குழுவின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும். மொழிபெயர்ப்பவர் ஒருவர், பக்கத்தைச் சுத்தம் செய்பவர் ஒருவர், எழுத்தை வைப்பவர் ஒருவர். இதில் கொடுமையான வேலை, படத்தின் மேலேயே தூரிகையால் எழுதப்பட்ட ஜப்பானிய ஒலிச்சொற்களை அழிப்பது. ‘டமார்’ என்ற சத்தம் ஒருத்தியின் கூந்தலுக்குக் குறுக்கே ஓடுகிறது என்றால், எழுத்தை அழித்த பிறகு அந்த இடத்தில் கூந்தலை இழை இழையாகத் திரும்ப வரைய வேண்டும், அதுவும் மூல ஓவியரின் கோட்டைப் போலவே. யாரும் கவனிக்கக் கூடாது என்பதற்காக மணிக்கணக்கில் செய்யும் வேலை. பல குழுக்களிடம் ஒரு பழைய நேர்மையும் இருந்தது: தொடரை யாராவது உரிமம் வாங்கி வெளியிட்டால் நாங்கள் நிறுத்திக்கொள்வோம் என்பார்கள், நிறுத்தியும் இருக்கிறார்கள். சட்டப்படி இதுவும் மீறல்தான், ஆனால் இவர்களைத் திருடன் என்று திட்ட எனக்கு நாக்கு வரவில்லை.

இரண்டாவது, நீங்கள் உண்மையில் படிக்கும் இடம். அநேகமாக அது அந்தக் குழுவின் தளம் அல்ல. குழுக்கள் செய்ததையும், அதிகாரபூர்வச் செயலியிலிருந்து உருவியதையும் ஒன்றாகக் கொட்டி வைத்து, சுற்றிலும் சூதாட்ட விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் தொகுப்புத் தளம். அந்தப் பணம் வரைந்தவருக்கும் போகாது, மொழிபெயர்த்தவருக்கும் போகாது. ஜப்பானில் மங்காமுரா என்ற தளம் இதைத்தான் பிரம்மாண்டமாகச் செய்தது. 2018-ல் மூடப்பட்டது, நடத்தியவருக்கு 2021-ல் மூன்று வருடச் சிறை, 2024-ல் மூன்று பதிப்பகங்களுக்கு ஏறத்தாழ 170 கோடி யென் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொரியாவில் பம்டோக்கி என்ற வெப்டூன் தளத்தை நடத்தியவர்களும் 2018-ல் பிடிபட்டார்கள். இதற்கு நடுவில் ஜப்பான் தன் சட்டத்தையும் இறுக்கியது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மங்காவைத் தரவிறக்குவதும் 2021 ஜனவரி 1 முதல் அங்கே சட்டவிரோதம்.

மூன்றாவது, ‘எங்கேயும் வரவில்லை’ என்ற வாதம். சில தொடர்களுக்கு அது முழுக்க உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்பவர்களில் பலர் கடைசியாக எப்போது தேடிப் பார்த்தார்கள் என்பது சந்தேகம். ஷூயெய்ஷாவின் மங்கா பிளஸ் செயலி 2019 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஜப்பானில் இதழ் வரும் அதே நேரத்தில் புதிய அத்தியாயம் ஆங்கிலத்திலும் வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும் பெரும்பாலான தொடர்களில் முதல் மூன்றும் கடைசி மூன்றும் அத்தியாயங்கள் இலவசம். வாராவாரம் சூட்டோடு சூடாகப் படிக்கிறவருக்கு ஒரு பைசாவும் செலவில்லை. அப்படியிருந்தும் அதே தொடரைத் தொகுப்புத் தளத்தில் படித்தால் அது ‘கிடைக்கவில்லை’ அல்ல, பழக்கம்.

ஆகவே என் பதில்: உரிமமே இல்லாத, வரும் வழியும் தெரியாத தொடர் என்றால் நான் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். வந்துவிட்ட நாளில் மாறிக்கொள்ளுங்கள். தொகுப்புத் தளத்தை எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்தாதீர்கள்.

திருட்டுப் பதிப்பு இல்லையென்றால் மங்கா ஜப்பானைத் தாண்டியே இருக்காது. இன்று கோடிக்கணக்கில் விற்கிறது என்றால் அதற்கு விதை போட்டது நாங்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் வழக்குப் போடுகிறார்கள்!
– ‘பழைய வாசகர்’

பாதி உண்மை, பாதி வீராப்பு. பதிப்பகங்கள் வெளிநாட்டு வாசகரைப் பொருட்படுத்தாத காலம் ஒன்று இருந்தது. ஒரு தொகுதி வெளிநாட்டில் வர வருடங்கள் ஆகும், சில பாதியில் நின்றுபோகும். அந்தக் காலத்தில் ரசிகர்கள்தான் ஆர்வத்தை உயிரோடு வைத்திருந்தார்கள், இதை மறுக்க முடியாது. அதிகாரபூர்வமாக ஒரே நாளில் உலகம் முழுக்க வெளியிடும் ஏற்பாடு வந்ததற்கே ரசிகர்களின் வேகம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் கொடுத்தது புகழ். ஒரு தொடர் அடுத்த வருடமும் ஓடுமா என்று முடிவு செய்யும் மேசையில் புகழை யாரும் எண்ணுவதில்லை. அங்கே எண்ணப்படுவது அட்டை ஓட்டு, தொகுதி விற்பனை, செயலியில் வாசிப்பு. தொகுத்து வரும் புத்தகத்தின் விலையில் சுமார் 10 சதவீதம்தான் பொதுவாக மங்கா கலைஞருக்குப் போகிறது. இதழில் கிடைக்கும் பக்கக் கூலி, உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதிலேயே கரைந்துவிடும். ஒன் பீஸ் மாதிரி 50 கோடிப் பிரதிகளைத் தாண்டிய தொடருக்கு உங்கள் திருட்டு வாசிப்பால் ஒன்றும் ஆகாது, அதை வரையும் ஓடாவுக்குச் சோறு கிடைக்காமல் போகாது. அடி விழுவது நடுவில் இருப்பவருக்கு. மூன்றாவது தொகுதி விற்றால் நான்காவது உண்டு என்ற நிலையில் இருக்கும் ஒரு புதுக் கலைஞருக்கு, வெளிநாட்டில் லட்சம் பேர் தன்னைக் கொண்டாடுகிறார்கள் என்பது ரத்தான பிறகுதான் தெரியவரும். அவருக்கு நீங்கள் விதை போடவில்லை.

வெப்டூன் செயலிகளில் நாணயம் வாங்கி அத்தியாயம் திறப்பது கொள்ளையாக இல்லையா? காசு கட்டிப் படித்த தொடர் ஒருநாள் காணாமல் போய்விட்டது. கேட்டால் உரிமம் முடிந்துவிட்டதாம்.
– கோபத்தில் இருக்கும் ஒரு வாசகி

கோபம் நியாயம். இந்தப் பகுதியில் திருட்டைப் பற்றி இவ்வளவு பேசினேன், இந்தப் பக்கத்து அழுக்கையும் பேசத்தான் வேண்டும். பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கும், நடப்பதோ வாடகை. தளம் மூடினால், ஒப்பந்தம் முடிந்தால், அல்லது நிறுவனம் மனம் மாறினால் உங்கள் நூலகம் ஒரு ராத்திரியில் காலி. காசு கொடுத்தவர் இழக்கிறார், கொடுக்காதவரிடம் கோப்பு பத்திரமாக இருக்கிறது. நேர்மையான வாசகரை இப்படி நடத்திவிட்டுத் திருட்டை ஒழிப்போம் என்று சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

நாணய முறைக்கு வருகிறேன். ‘காத்திருந்தால் இலவசம், அவசரமென்றால் காசு’ என்ற ஏற்பாட்டைக் கொரியாவின் காகாவ்பேஜ் 2014-ல் கொண்டுவந்து வெற்றி கண்டது, பிறகு பல தளங்களும் அதே வழியில் போயின. வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். கதையாகப் பார்த்தால், ஒவ்வொரு அத்தியாயமும் உங்களைப் பர்ஸைத் திறக்கவைக்க வேண்டிய இடத்தில்தான் முடிந்தாக வேண்டும். கத்தி ஓங்கியபடி நிற்கும், அடுத்த அத்தியாயத்தில் அதைத் தட்டிவிட்டு இரண்டு பேர் கதை பேசுவார்கள், முடியும்போது இன்னொரு கத்தி. நூறு அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தால் இந்தத் தாளம் சகிக்க முடியாதபடி தெரியும். என் வழி: தொடர் முடிந்த பிறகு ஆரம்பிப்பது. காத்திருப்பு இலவசம், கத்திகளும் தொந்தரவு செய்யாது.

நான் படிப்பது ‘வில்லியாக மறுபிறவி’ கதைகள். வடக்கே குளிர்ப் பிரதேசத்து டியூக் பிரபு, ஒப்பந்தக் கல்யாணம், எல்லாம் உண்டு. என் தம்பி கேலி செய்கிறான். அவன் படிப்பதோ அரக்கனைக் கொன்று லெவல் ஏறும் கதை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
– ஓர் இல்லத்தரசி

ஒரு வித்தியாசமும் இல்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள். இரண்டிலும் அநியாயமாகச் சாக வேண்டிய ஒருவர் முன்கூட்டியே தெரிந்த கதையை வைத்துத் தப்பிக்கிறார். அவன் ஆள் வாளால் செய்வதை உங்கள் ஆள் விவாகரத்துப் பத்திரத்தால் செய்கிறாள். என்னைக் கேட்டால் பத்திரத்தில்தான் புத்தி அதிகம். சுரங்கம் யார் பெயரில் இருக்கிறது, வரதட்சிணையைத் திரும்ப வாங்க முடியுமா, தேநீர் விருந்தில் யார் யாரைப் பார்த்துத் தலைகுனியவில்லை என்றெல்லாம் கணக்குப் போட்டுக் காய் நகர்த்தும் கதாநாயகிகள் நீலப்பெட்டி ஹீரோவைவிடச் சுவாரஸ்யமானவர்கள். டியூக்குகளைத்தான் மாற்ற வேண்டும். எல்லோரும் கறுப்பு முடி, சிவப்புக் கண், வாயில் முத்து உதிராது.

பெண்களுக்கான கதை என்றாலே கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பது பழைய வியாதி. மங்காவில் இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிற உத்திகளில், கட்டத்தின் எல்லைக்கோட்டை அழித்துவிட்டு ஒருவரின் மனக்குரலைப் பக்கம் முழுக்க மிதக்க விடுவதை 1970-களில் மெருகேற்றியவர்கள் ஷோஜோ மங்கா (சிறுமியருக்கான மங்கா) வரைந்த பெண்கள், மோட்டோ ஹாகியோவும் அவர் தலைமுறையும். தம்பிக்குப் பிடித்த ஹீரோ மழையில் நின்று மனசுக்குள் பேசும் காட்சி அங்கிருந்து வந்தது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் வரைந்த ஹிரோமு அராகாவாவும் பெண்தான், இதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே ஒரு குறை. இந்த வகை வெப்டூன்களில் பின்னணி மாளிகைகளைப் பெரும்பாலும் ஆயத்தமாகக் கிடைக்கும் முப்பரிமாண மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். கவுனின் சரிகை வேலைப்பாட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும், பின்னால் இருக்கும் படிக்கட்டோ நேற்று வேறொரு கதையில் வேறொரு டியூக் இறங்கி வந்த அதே படிக்கட்டு.

ஹன்ட்டர் எக்ஸ் ஹன்ட்டர் 1998-ல் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை. அதை வரையும் டோகாஷிக்குச் சோம்பேறித்தனம் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். நீங்களாவது ஒப்புக்கொள்வீர்களா?
– பொறுமை இழந்தவர்

மாட்டேன். 2022-ல் தொடர் மீண்டும் வந்தபோது அவரே எழுதியிருந்தார்: இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார முடியவில்லை, வழக்கமாக வரையும் முறையைக் கைவிட்ட பிறகுதான் திரும்ப முடிந்தது என்று. முதுகு போன மனிதரைப் பார்த்துச் சோம்பேறி என்பது அநியாயம்.

வாராந்திர மங்கா என்றால் சுமார் 19 பக்கம், ஏழே நாள். கதை யோசித்து, ஆசிரியரிடம் வரைவைக் காட்டி, திருத்தி, பென்சில், மை, டோன் (சாம்பல் நிழல்), எல்லாம் அதற்குள். இப்படிப் பல வருடம். பெர்செர்க் வரைந்த கென்டாரோ மியூரா 2021-ல் 54 வயதில் போய்ச் சேர்ந்தார். வெப்டூன் பக்கம் நிலைமை மேல் என்று நினைக்காதீர்கள். அங்கே வாரம் அறுபது எழுபது கட்டம், அதுவும் முழு வண்ணத்தில். சோலோ லெவலிங் ஓவியர் ஜாங் சங்-ராக் ஏற்கெனவே உடல்நலம் சரியில்லாதவர், 2022-ல் 37 வயதில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். வேலைப்பளுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதமாட்டேன், ஆனால் நோயோடு இருக்கிறவருக்கான வேலைத்திட்டம் இது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்டூன்கள் ‘முதல் சீசன் முடிந்தது’ என்று சொல்லிச் சில மாதம் ஓய்வெடுப்பதை நான் வரவேற்கிறேன். அந்த அறிவிப்புக்குக் கீழே ஏச்சுப் பேச்சு எழுதுகிறவர்களைத்தான் புரியவில்லை.

கடைசியில் சொதப்பாத ஒரு தொடராவது உண்டா?
– சுருக்கமாக எழுதியவர்

உண்டு. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், 27 தொகுதி, முதலில் கேட்ட கேள்விக்குக் கடைசியில் பதில் சொல்லிவிட்டுப் போகிறது. டீமன் ஸ்லேயர் முடிவைப் பற்றி முணுமுணுப்பு இருந்தாலும், விற்பனை உச்சியில் இருந்த 2020-ல், 205-வது அத்தியாயத்தோடு நிறுத்திய துணிச்சலுக்கே ஒரு சபாஷ். அட்டாக் ஆன் டைட்டன் முடிவு வந்தபோது நடந்த அடிதடி தெரியும், கடைசித் தொகுதியில் சில பக்கங்களைச் சேர்த்தும் சண்டை ஓயவில்லை. எனக்கு அந்த முடிவு தவறாகப் படவில்லை, அவசரமாகப் பட்டது. இரண்டும் வேறு.

இதழ் வருவதற்கு முன்பே லீக் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்லும் நண்பனை என்ன செய்யலாம்?
– ‘பாதிக்கப்பட்டவன்’

லீக் செய்தவர்களை ஜப்பான் போலீஸ் பார்த்துக்கொள்கிறது. ஷோனென் ஜம்ப் பக்கங்களை வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் போட்டதற்காக 2024-ல் கைதே நடந்தது. நண்பனை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். லீக்கில் வருவது பெரும்பாலும் மங்கலான படமும் அவசர மொழிபெயர்ப்பும்தான், ‘கொன்றுவிட்டான்’ என்று அதில் இருப்பது உண்மையில் ‘கொன்றிருப்பேன்’ ஆக இருக்கும். அவன் சொல்லும் கதையை நம்பாதீர்கள், பாதி நாள் தப்பாகத்தான் சொல்லியிருப்பான்.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். துப்பறியும் நாவல் விரும்பிப் படிப்பார். படக்கதை என்றால் குழந்தைகளுக்கானது என்கிறார். அவரை எப்படி இழுப்பது? எதில் தொடங்குவது?
– ஒரு மகள்

மான்ஸ்டர். நவோகி உராசாவா, 1994 முதல் 2001 வரை வந்தது, 18 தொகுதி. ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஜப்பானிய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், மேலிடத்து உத்தரவை மீறி ஒரு சிறுவனின் உயிரைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகிறான். லெவல் இல்லை, போட்டி இல்லை, யாரும் பின்னோக்கிப் போவதில்லை. ஒரே ஒரு அத்தியாயத்துக்கு வந்துபோகும் கிழவருக்குக்கூட ஒரு முழு முகமும் ஒரு பழைய வருத்தமும் இருக்கும், துப்பறியும் கதை படித்துப் பழகியவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

டெத் நோட்டை இரண்டாவதாக வையுங்கள், 12 தொகுதிதான், பூனையும் எலியுமாக விறுவிறுவென்று போகும், ஆனால் மரண தேவன் ஆப்பிள் தின்பதைப் பார்த்ததும் ‘நான் சொன்னேன் இல்லையா, குழந்தைகள் கதை’ என்று மூடிவிடும் அபாயம் இருக்கிறது. வெப்டூன் இப்போதைக்கு வேண்டாம். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, வலது மேல் மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் கொலைகாரன் யார் என்பதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துவிட்டு உங்களைத் திட்டுவார்.